பிளாஸ்டிக் தாள் உரிக்காத பத்து டேப்

தலைமை தாங்கும் செல்லமுத்து ஐயா அவர்களே, மனைவி மெஹர்பானுவை இழந்து முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் கரீம் பாஷா அவர்களே, முப்பது பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் நூலகத் தோழர்களே! கைகூப்பி வணங்குகிறேன்.

நான் கலைமணி, தம்மம்பட்டி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியின் நூலகர். டேப்லெட் கணினியில் அறிவியலும் கணக்கும் சொல்லித்தர நம்மைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்த மெஹர்பானு அம்மையார் போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். எங்கே போய்க்கொண்டிருந்தார்? என் பள்ளிக்கு! எதற்காக? நான் செய்த தவறுக்காக!

இருபது வருடமாகப் பூட்டி வைப்பதையே வேலையாகச் செய்தவன் நான். பத்து டேப் வந்தது. பீரோவில் வைத்துப் பூட்டினேன். அம்மையார் வந்து பார்த்தபோது, திரைமேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள்கூட அப்படியே இருந்தது.

"பசங்க ஒடச்சுட்டா யாருங்க மேடம் பதில் சொல்றது?" என்றேன்.

"ஒடஞ்சா எம் பேரைச் சொல்லுங்க சார். பூட்டியே வெச்சா யார் பேரைச் சொல்லுவீங்க?" என்று சிரித்தார்.

ஒரே ஒரு டேப்பை என் கையாலேயே உரிக்க வைத்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டைப்பயறு முளைப்பதைத் தினமும் படம் எடுத்தார்கள். ஐந்தாம் நாள், அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றார்கள். பயந்துபோய் அதையும் துடைத்துப் பூட்டினேன். செடி வளர்ந்தது, படம் நின்றுவிட்டது! அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த அம்மா அஸ்தம்பட்டியிலிருந்து மறுபடி பஸ் ஏறினார். ஆத்தூர் பஸ் நிலையத்தில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐயோ, ஒரு பூட்டை நான் திறந்து வைத்திருக்கக் கூடாதா?

இனி நமக்கு யார் இருக்கிறார்கள்? பயிற்சி பாதியில் நிற்கிறது. அடுத்த ஆள் போடும் எண்ணம் யாருக்கும் இல்லை. பயன்படுத்தாத டேப்களை மாதக் கடைசியில் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று துறையிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. தோழர்களே, உங்களில் எத்தனை பேர் பீரோவைத் திறந்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! ஒரு கைகூட இல்லையா?

கரீம் பாய், உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. என் பீரோவிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, உங்கள் முன்னால் இந்தத் தாளை உரிக்கிறேன். நாளைக் காலை பத்தும் பிள்ளைகள் கையில் இருக்கும். எனக்குத் தெரிந்தது பாதிதான்; மீதியை அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்வேன். கீழே விழட்டும், கீறல் விழட்டும். உடைந்தால், இனி என் பெயரைச் சொல்லுங்கள்!