சூடம் காட்டும் நேரம்

குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் பேருந்து, காலை ஒன்பது மணிக்குச் சீசன் கூட்டத்தில் மாட்டி நின்றது. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“நான் எழுதுனது குப்பைத்தொட்டில கூடப் போடாதுட்டி. அப்படியே இல்லாம ஆக்கிரும்.”

“எத?”

“ஸ்டூடியோவுல கழிச்ச படத்தையெல்லாம் அழிக்கதுக்கு நேத்து பைத்தான்ல ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தேன்லா. ரிமூவ்னு அதுலயே ஒரு கட்டளை இருக்கு. எந்த ஃபோல்டர்னு நான் எழுதல. அது எந்த ஃபோல்டர்ல நிக்குதோ அதக் காலி பண்ணிரும்.”

“இப்ப எங்கன நிக்குது?”

“கல்யாணப் படம் இருக்க ஃபோல்டர்ல. கெளம்புற அவசரத்துல அங்கன வச்சிட்டேன். மூணு வீட்டுக் கல்யாணம் அதுலதான் கெடக்கு.”

“மெமரி கார்டுல இருக்கும்லா?”

“கார்ட நேத்தே அழிச்சாச்சு. கம்ப்யூட்டர ஆன் பண்ணுனா இது தானா ஓடும்.”

“அப்ப ஸ்டூடியோ அண்ணாச்சிக்குப் போனப் போடு. ஆன் பண்ணாதீங்கன்னு சொல்லு.”

“பூசை முடியாம போன எடுக்க மாட்டாவ. கம்ப்யூட்டர ஆன் பண்ணித்தான் அதுக்குச் சூடமே காட்டுவாவ.”

சாரல் உள்ளே அடித்தது. ஜன்னலை மூடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவள் ஏழாவது தடவை அடித்தபோதுதான் அண்ணாச்சி போனை எடுத்தார். அவர் குரல் எனக்கே கேட்டது.

“இப்பதாம்மா சூடம் காட்டுனேன். ஒன் வேல ஜோரு. எவ்வளவு எடம் காலியா காட்டுது தெரியுமா!”