உடன் வந்தவர்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அம்மா அவர்களே, இன்று தைக்கப் போகாமலும், சமைக்கப் போகாமலும், சாரம் ஏறாமலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இந்தக் கூடத்தில் வந்து அமர்ந்திருக்கும் என் உறவுகளே, வணக்கம்.

நம் துணையக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பத்தொன்பது ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தவன் நான். இரண்டு வார்த்தையில் முடியுமா?

தையல் கம்பெனியில் வேலை போன பிறகுதான் அக்கா நம் சங்கத்துக்கு வந்தார். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டோம். "கூடப் போகத் தெரியும்" என்றார். சிரித்தோம். அதுவும் ஒரு வேலையா என்று நினைத்தோம். வறுமை என்றால் கையில் இல்லாமை மட்டுமா? அலுவலக ஜன்னலுக்கு இந்தப் பக்கம், என்ன கேட்பது என்று தெரியாமல் தனியாக நிற்பதும் வறுமைதான் என்பதை அக்காதான் நமக்குக் காட்டினார்.

பின்வரிசையில் நம் பெயிண்டர் அண்ணன் நிற்கிறார். உட்காரச் சொன்னால் மாட்டேன் என்கிறார். தன் மகளைப் பள்ளியில் சேர்க்க மூன்று முறை நடந்தார். மூன்று முறையும் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை அக்கா கூடப் போனார்.

"நீங்க யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார் தலைமையாசிரியை.

"இவரு கூட வந்தவ."

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"இவரு ஒத்தையா வந்தப்ப மூணு தடவ இடமில்லன்னுட்டீங்க. ரெண்டு பேரா வந்தா இடம் கூடுதான்னு பாக்க வந்தேன் டீச்சர்."

குரலை உயர்த்தவில்லை. இல்லை என்பதை எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அன்றும் உட்கார்ந்தார், மறுநாளும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலை, பெயிண்டர் அண்ணன் மகளுக்கு அந்தப் பள்ளியில் ஒரு பெஞ்சு கிடைத்தது. அந்தப் பெண் இன்று ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள்.

இப்படி எத்தனை வீடுகள்! விதவைப் பென்ஷனுக்கு, குடிநீர் இணைப்புக்கு, விபத்தில் கால் போனவரின் நஷ்டஈட்டுக்கு என்று எத்தனை வாசல்கள் ஏறினார். காரியம் முடிந்ததும் யாராவது கும்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. "கும்புடு எதுக்கு? அடுத்த தடவ பக்கத்து வீட்டுக்காரிக்கு நீ கூடப் போ" என்பார். இந்தக் கூடத்தில் பாதிப்பேர் அப்படி அனுப்பப்பட்டவர்கள்தானே?

இனி நான் சொல்லப் போவதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள், அலுவலகத்தில் மேசையைத் துடைத்துக்கொண்டே அக்கா கேட்டார்: "தம்பி, நாளைக்கு மத்தியானம் உனக்கு வேல இருக்கா?"

"ஏங்க்கா, யாருக்காவது போகணுமா?"

"ஆமா. ஒருத்தருக்கு ஆஸ்பத்திரிக்கு."

"நாளைக்குக் கூட்டம் இருக்கேக்கா."

"சரி விடு. நானே போய்க்கிறேன்."

நான் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த 'ஒருத்தர்' யார் என்று கேட்கவில்லை.

போன வாரம் அவர் உடலை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கையெழுத்துக்காக அவருடைய சிகிச்சைக் கோப்பை என் முன்னால் வைத்தார்கள். வயிற்றில் கட்டி. பதினோரு முறை வந்திருக்கிறார். ஒவ்வொரு தாளிலும் 'உடன் வந்தவர்' என்று ஒரு கட்டம். பதினொன்றிலும் அவருடைய கையெழுத்தில் ஒரே சொல்: 'இல்லை.'

அங்கிருந்த நர்ஸம்மா சொன்னார்: "ரொம்ப நல்லவங்க சார். பக்கத்துல உக்காந்திருக்கவங்களுக்கெல்லாம் சீட்டப் படிச்சிச் சொல்லுவாங்க, எந்த ரூமுன்னு காட்டுவாங்க. பாவம், அவங்களுக்குன்னு யாருமே இல்லன்னு நெனச்சோம்."

யாருமே இல்லையா? முந்நூறு குடும்பங்கள் இருந்தோமே! ஒரே வீதியில் இருந்தோம். தினமும் அவர் கையால் தேநீர் குடித்தோம். இளைத்துப்போனதைப் பார்த்து, "டயட்டாக்கா?" என்று கேலிகூடச் செய்தோம். அவரும் சிரித்தார்.

அவர் ஏன் சொல்லவில்லை என்று ஒரு வாரமாக நம் வீடுகளில் பேசிக்கொண்டிருக்கிறோம். அது சரியான கேள்வி அல்ல. நாம் ஏன் கேட்கவில்லை?

உறவுகளே, இந்த இடத்தில் எழுந்து நின்று, அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது வழக்கம். நிற்பது எளிது. அதனால் நிற்க வேண்டாம், உட்கார்ந்தபடியே கேளுங்கள். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நம் சமையல்காரம்மா பென்ஷன் அலுவலகம் போகிறார். கூட நான் போகிறேன். வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. எங்கே போக வேண்டுமோ அதை எழுதுங்கள். மற்றவர்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்காகவும் எழுதுங்கள். வெட்கப்படாதீர்கள்.

முதல் வரியை நானே எழுதிவிட்டேன். மூன்று மாதமாக எனக்கு நெஞ்சில் ஒரு வலி. வீட்டில்கூடச் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. யாராவது கூட வாருங்கள்.