கதவு சாத்தாத டிவி

கயத்தாறு பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு புதுஜோடி. அவன் மடியில் பழைய டியூப் டிவி, சின்னதுதான். அவள் திடீரென்று அலறினாள்.

"ஏங்க, இதை வச்சா நம்ம ரூம் கதவு சாத்தாதே!"

"ஏட்டி, நீதான முந்தானைய வச்சு அளந்துட்டு வந்த?"

"முன்பக்கத்துக்குத்தான் அளந்தேன். பின்னால இம்புட்டு புடைச்சிருக்கும்னு யாரு கண்டா?"

"கட்டில வெளிய போட்டுருவோமா?"

"நல்லா போட்டிய!" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பெறவு?"

"டிவிய அத்தை ரூம்ல வச்சிருவோம். அவிய சத்தமா வச்சுப் பாக்கட்டும். நாம கதவச் சாத்திக்கிடுவோம்."

அவன் டிவியோடு எழுந்தே விட்டான்.

"அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க! இத மாத்திட்டு, சத்தம் கூடுதலா வாரதா வாங்கணும்!"