மகனுக்கும் சேர்த்து ஒரு விரதம்

ஜெர்மனியில், ஹனோவர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கொலோன் ரயிலில் ஏறிக்கொண்டேன். எதிரே இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள். இளையவர் சொன்னார்:

"ஆக்களை இடிச்சு விழுத்தத்தான் அக்கா, என்ர மகனை அமெரிக்காவில படிப்பிக்கினம்."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"அமெரிக்கன் ஃபுட்போல். கல்லூரி அணியில முன்வரிசையில நிண்டு முட்டித் தடுக்கிறான். சனிக்கிழமை தொழில்முறை அணிக்காரர் பார்க்க வருகினம். உடம்பு நிறை குறைஞ்சா எடுக்கமாட்டினம்."

"இப்ப கந்தசஷ்டியெல்லோ? அவன் விரதம் விடமாட்டானே."

"ஓம். நீ வடிவாச் சாப்பிடு, உன்ர விரதத்தையும் நான் பிடிக்கிறன் எண்டிட்டன். என்ர விரதத்துக்கு நான் ஒருநேரம் சாப்பிட்டனான், இப்ப அவனுக்காக அதையும் விட்டிட்டன்."

"ஏலுமே உனக்கு?"

"அவன் மலை மாதிரி ஆக்களோட முட்டுறான். எனக்குப் பசி மட்டும்தானே."

"முருகன் ஒத்துக்கொள்ளுவாரோ?"

"அவருக்கும் அம்மா இருக்கிறாதானே."

மறுநாள் காலை கொலோனில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்தேன். முதலில் வந்தது ஒரு பியானோ. எனக்குப் பாரம் மட்டும்தானே என்று தோளைக் கொடுத்தேன்.