கோவிக்கத் தெரிந்த ஆள்

எண்பத்தாறில் ஒரு காலை, பிராங்பேர்ட் எஸ்-பான் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்து இளைஞர்கள் இருந்தார்கள். இருவர் மடியிலும் டொச் மொழிப் பாடப்புத்தகம் மூடியபடியே கிடந்தது.

“பள்ளிக்கூடம் பாக்கப் போனா, முதல்ல அங்க சத்தம் இருக்கோ எண்டு பாக்கவேணுமாம்.”

“ஆர் சொன்னது?”

“எங்கட வகுப்பு ஈரான் பெடியன். அவன் யூதன். யெசிவாவுக்குப் போகப்போறான், அவங்கட வேதப் பள்ளிக்கு. ரெண்டு இடம் போய்ப் பாத்தவன். அமைதியா இருந்ததை வேண்டாம் எண்டிட்டான்.”

“சத்தத்துக்குள்ள என்னெண்டு படிக்கிறது?”

“ரெண்டு பேர் ஒரு புத்தகத்தை வைச்சுச் சண்டை பிடிக்கவேணுமாம். தனிய இருந்தா நேரம்தான் போகும், பாடம் ஏறாதாம்.”

மற்றவர் மடியில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“சோதினைக்கு மூண்டு கிழமைதான் கிடக்கு. நாங்களும் அப்பிடிப் படிப்பமோ?”

“உன்ரை பிழையை நான் சொன்னாக் கோவிப்பியோ?”

“ஓம், கட்டாயம் கோவிப்பன்.”

“அப்ப நீதான் சரியான ஆள். புத்தகத்தை விரி.”