நீக்கக் கூடாத ஃபங்ஷன்

ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், சார். எனக்குச் சட்டென்று சளி பிடித்துக்கொள்ளும்.

நம் மென்பொருளோடு ஒட்டவைத்து ஓட்டுகிற பிளகின்களை வெளியாட்கள் எழுதுகிறார்கள். அவர்கள் கூப்பிடுவதற்கென்று நாம் வைத்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்களில், அதாவது சின்னச் சின்ன நிரல்துண்டுகளில், ஆகப் பழையது நான் எழுதியது. நான் எழுதியதில் இன்னும் உயிரோடு இருப்பதும் அது ஒன்றுதான். ஒரே ஒரு பிளகின் பயன்படுத்தினாலும் பழைய ஃபங்ஷனை நீக்கக் கூடாது என்பது நம் விதி. நல்ல விதி. நான் ஒருநாளும் மீறியதில்லை.

புதிதாக வந்த டீம் லீட் தங்கமான பெண். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணே, உங்க பழைய ஃபங்ஷனை இப்ப யாருமே தொடறதில்ல. அதை எடுத்துட்டா புது இன்டர்ஃபேஸ் அடுத்த ரிலீஸ்லயே வெளிய வந்துடும். இதை முடிக்கத்தான் என்னை வேலைக்கே எடுத்திருக்காங்க."

"தாராளமா எடும்மா," என்றேன். அன்றைக்கே வீட்டுக்குப் போய், அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிற பிளகின் ஒன்றை எழுதி, வேறு பெயரில் வெளியிட்டேன். அந்த ஒரு பெயர் மட்டும் தனியாகக் கிடந்தால் பாவம் என்று தோன்றியது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். காலண்டர் பிளகின் எழுதிய ஓய்வுபெற்ற வாத்தியார். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருத்தி. வாய்க்கொழுப்பு பிடித்த ஒருவன். பிளகின் எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ளும் ஃபோரத்தில் அவன் என்னையே கிழித்துத் தொங்கவிட்டான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லீடுக்கு இளகிய மனசு. எல்லோருக்கும் உட்கார்ந்து பதில் எழுதுவாள். "அண்ணே, அந்தக் கைக்குழந்தைக்காரங்க ரொம்ப பயப்படறாங்க. நானே அவங்க பிளகினை மாத்திக் குடுத்துடறேன்," என்றாள். மாற்றியும் அனுப்பினாள். பக்கத்து மேசையில் இருந்தபடியே, 'ஒன்றும் புரியவில்லை மேடம், குழந்தை வேறு அழுகிறது' என்று பதில் தட்டினேன். படித்துவிட்டு அவள் கண் கலங்கினாள்.

ரிலீஸ் தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. கடைசியில் அவளை வேலையை விட்டு அனுப்பினீர்கள். மேசையைக் காலி செய்யும்போது தேம்பித் தேம்பி அழுதாள். நான்தான் அவளுடைய பெட்டியை லிஃப்ட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். வேறு யாரும் எழுந்துகூட வரவில்லை, சார்.

ஆமாம், அத்தனை பேரும் நான்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

என்னை அனுப்பிவிடுங்கள், வருத்தமில்லை. அந்த ஃபங்ஷனை மட்டும் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். வாத்தியார் எப்படியோ சமாளித்துக்கொள்வார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?