வால்செக் கடையில் குத்திய இரண்டாவது முத்திரை

பெயர்: சோலாஞ்ஜ் தெல்மா. வயது: 59. தொழில்: காப்பி மற்றும் புகையிலைக் கடை. முகவரி: எண் 3, தேவாலயச் சதுக்கம், வால்செக் கிராமம். 2025 மே 26, திங்கள்கிழமை காலை 9.40க்கு லூர்சான் காவல் நிலையத்தில் சார்ஜென்ட் லாகோம்ப் முன் ஆஜராகிக் கூறியதாவது:

என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே வந்தேன். மே 18 ஞாயிறு மாலை இதே நிலையத்தாருக்கு நான் தொலைபேசியில் சொன்ன பதில் பொய். அந்தப் பதிலை நம்பித்தான் எர்வே பூஸ்கேயை மலையின் தப்பான பக்கத்தில் தேடினார்கள். அதைத் திருத்த வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வழியாக 'ஏழு கணவாய்ச் சுற்று' என்னும் நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் பாதை போகிறது. அதை ஓட்டுகிறவர்கள் சைக்கிள் சங்கம் கொடுக்கும் அட்டையில், வழியில் உள்ள ஊர்களின் கடை முத்திரையை வாங்க வேண்டும். முத்திரைக்குப் பக்கத்தில் நான் கையால் நேரம் எழுதுவேன். அவரவர் அட்டையை அவரவரே நீட்ட வேண்டும் என்பது விதி. நடப்பு வேறு. நாலு பேர் வந்தால் ஒருவர் நாலு அட்டையையும் கொண்டுவந்து போடுவார், மற்றவர்கள் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அல்லது பின்னால் வருவார்கள். நான் தலையை எண்ணுவதில்லை. பதினெட்டு வருடமாக இப்படித்தான், இந்த வட்டாரத்தில் மற்றக் கடைக்காரர்களும் இப்படித்தான்.

பிப்ரவரியில் லூர்சானில் டிராக்டர் விற்கும் ஃபாப்ரிஸ் கல்வே காரில் வந்து, முழங்கால் வலி என்று சொல்லி முத்திரை கேட்டார். குத்திக் கொடுத்தேன். அதன் பிறகு, மாவட்டத்தின் எல்லாச் சுற்றுகளையும் ஓட்டி முடித்தவர் என்று சங்கம் அவருக்குப் பதக்கம் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

மே 11 அன்று எர்வே பூஸ்கே கடைக்கு வந்தார். இவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சங்கத்தில் அட்டைகளைச் சரிபார்க்கிறவர். "சோலாஞ்ஜ், பிப்ரவரியில ஃபாப்ரிஸ் சைக்கிள்லயா வந்தான், கார்லயா? அன்னிக்குக் கணவாய் பூரா பனி மூடிக் கிடந்துச்சே" என்று கேட்டார். "சைக்கிள்லதான்" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே காப்பியைக் குடித்து முடித்தார். "சரி, வர்ற ஞாயிறு அவனோடயே ஓட்டறேன். அவன்கிட்டயே கேட்டுக்கறேன்" என்று சொல்லிப் போனார்.

மே 18 ஞாயிறு காலை 11.20க்கு ஃபாப்ரிஸ் தனியாக வந்தார். இரண்டு அட்டைகளை மேசையில் வைத்தார். "ரெண்டுக்கும் குத்துங்க, மதாம். வாத்தியாருக்குப் பஞ்சர். குருசடிப் பக்கத்துல டியூப் மாத்திக்கிட்டிருக்காரு, பின்னாடியே வந்துருவாரு" என்றார். எர்வே தன் அட்டையை யார் கையிலும் கொடுக்கிறவர் அல்ல. முத்திரை நேராக விழுகிறதா என்று கூடவே நின்று பார்ப்பார். கோணலாக விழுந்தால், "என்ன சோலாஞ்ஜ், நேத்து வைன் ஜாஸ்தியா?" என்று கிண்டல் பண்ணுவார். அது எனக்கு அப்போதே உறைத்தது. உறைத்தும் குத்தினேன், இரண்டிலும் 11.20 என்று எழுதினேன்.

அதன் பிறகு ஃபாப்ரிஸ் பால் விட்ட காப்பி இரண்டு கேட்டார். சைக்கிள்காரர்கள் எந்தக் குளிரிலும் வாசலில், தங்கள் வண்டி கண்ணில் படும்படிதான் உட்காருவார்கள். இவர் உள்ளே, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நண்பருக்காகக் காத்திருக்கிற ஆள் ஒரு தடவையாவது தெருவை எட்டிப் பார்ப்பான். இவர் பார்க்கவில்லை. தன் காப்பியைக் குடித்தார், பிறகு மற்றதையும் குடித்தார். "ஆறிப்போயிடும்ல" என்றார். கால் மணி நேரத்தில் லூர்சான் பக்கம் இறங்கிப் போனார். அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வந்துவிட்டது. எர்வேயை நான் மறந்தே போனேன்.

மாலை 7.10க்கு இந்த நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. எர்வே வீடு திரும்பவில்லை என்றார்கள். இருவரும் என் கடையில் காப்பி குடித்ததாகவும், அதன் பிறகு லூர்சான் சாலையில் எர்வே பின்தங்கியதாகவும் ஃபாப்ரிஸ் சொன்னாராம். எர்வேயின் சட்டைப்பையில் இடமில்லாததால் அட்டையைத் தன்னிடம் கொடுத்துவைத்தார் என்று அதையும் காட்டினாராம். இருவரும் வந்தார்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றால் என் கடையைச் சங்கம் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், பிப்ரவரிக் கதையும் கூடவே வெளியே வரும் என்று பயந்தேன். "ஆமாம், ரெண்டு பேரும்தான். பதினொன்னு இருபது" என்றேன்.

அன்று இருட்டும்வரை லூர்சான் பக்கமே தேடினார்கள். திங்கள் நண்பகலில், எங்கள் ஊருக்கு வந்து சேரும் முன்பாகவே உள்ள சாலையோரச் சிலுவை நிற்கும் குருசடி வளைவுக்குக் கீழே, ஓடைக்குள் எர்வே கிடப்பதைத் தேனீ வளர்க்கும் ரொசான் பார்த்தார். அப்போது உயிர் இருந்தது. செவ்வாயன்று மருத்துவமனையில் இறந்தார். ஞாயிறு மாலையே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என்னைத் தின்கிறது. அன்று ரொசான் என் கடையில், "ரெண்டு டயரும் கல்லு மாதிரி இருந்துச்சு, சோலாஞ்ஜ். மாத்து டியூப் சுருளு கூடப் பிரிக்காம பையிலயே இருக்கு" என்றார். பஞ்சர் என்று ஃபாப்ரிஸ் சொன்னது பொய் என்று புரிந்தும், நான் நிலையத்துக்குச் சொல்லவில்லை.

புதன்கிழமை ஃபாப்ரிஸ் ஒரு கூடை செர்ரிப் பழத்துடன் வந்தார். "நாங்க ரெண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்தோமே, ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

"நீங்க சுவரோரம் உட்கார்ந்தீங்க."

"சரி, ரெண்டு பேரும் சுவரோரம். நேரம் எழுதினது உங்க கைதானே, மதாம்? பிப்ரவரியிலயும் உங்க கைதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூடையை எடுத்துப் போகச் சொன்னேன், எடுக்கவில்லை. பழத்தை அப்படியே குப்பையில் கொட்டினேன்.

அன்றே ஏன் இங்கு வரவில்லை என்று அதிகாரி கேட்டதற்கு: பயம்தான், வேறு காரணம் இல்லை. ஃபாப்ரிஸ் எர்வேயைத் தள்ளினாரா என்று கேட்டதற்கு: நான் பார்க்கவில்லை. ஆனால் கீழே விழுந்து கிடக்கிறவரின் அட்டை அவர் கைக்கு எப்படி வந்தது என்று அவரைக் கேளுங்கள்.

சனிக்கிழமை, அடக்கத்துக்கு மறுநாள், எர்வேயின் மனைவி ஓதில் தனியாகக் கடைக்கு வந்தார். "அவரு கடைசியா உங்க கடையிலதான் உட்கார்ந்திருந்தாராம். என்ன குடிச்சாரு, சோலாஞ்ஜ்?" என்று கேட்டார்.

"பால் விட்ட காப்பி."

"சர்க்கரை போட்டாரா? வீட்ல நான் விடறதே இல்ல."

"ரெண்டு கட்டி போட்டாரு" என்றேன்.

ஓதில் அழுதுகொண்டே சிரித்தார். "திருட்டுப் பய" என்றார். அதன் பிறகு, "சந்தோஷமா இருந்தாரா?" என்று கேட்டார். இருந்தார் என்றேன். என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "இது போதும் எனக்கு" என்று சொல்லிப் போனார். எர்வே காப்பி குடித்ததாக நான் சொன்ன அந்த நேரத்தில் அவர் ஓடையில் கிடந்தார். அவருக்குப் பக்கத்தில் யாருமில்லை.

ஓதில் இப்போது இந்த நிலைய வாசலில் என் காரில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லி அழைத்து வந்தேன். இதில் ஒப்பமிட்டதும் நானே போய், எர்வே அன்று என் கடைக்கு வரவே இல்லை என்று அவரிடம் சொல்லப் போகிறேன். அதுவரை அதிகாரிகள் யாரும் அவரிடம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே உள்ளது, யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, இந்த முறை உண்மை.

(ஒப்பம்) சோலாஞ்ஜ் தெல்மா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது, காலை 11.05: சார்ஜென்ட் லாகோம்ப்